நெடுங்கையனும் பால் பல்லும்

நெடுங்கையனுக்கு இன்னும் ஓர் அடிதான் பாக்கி. அதைக் கொடுத்துவிட்டால் ஏழாவது வாசல் திறந்துவிடும். கார்குழலி மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை அழுத்தப் போனாள். அந்த நேரம் பார்த்துக் குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, ஆச்சு!"

எப்பேர்ப்பட்ட வீரரையும் சாய்க்கக்கூடிய இரண்டு சொற்கள் அவை.

"ஏங்க, கொஞ்சம் போங்களேன்!" என்று கணவனைக் கூப்பிட்டாள். நந்தகோபால் பால் வாங்கக் கீழே போயிருந்தான். "அம்மா, ஆச்சூ!" என்று மறுபடியும் குரல் வந்தது, இந்த முறை கொஞ்சம் அதட்டலாக. கார்குழலி அரை நொடி தலையைத் திருப்பினாள். நெடுங்கையனுக்கு அது போதும். ஆள் உயரத்துக்கு நீண்ட கையை வீசி ஒரே அறை. திரை கறுத்தது. ஆறாவது வாசலிலிருந்து மறுபடியும் தொடங்கவும் என்றது.

'ஏழு வாசல்' என்ற அந்த விளையாட்டைக் கார்குழலி கல்யாணத்துக்கு முன்பே தொடங்கினாள். குயிலி வயிற்றில் இருக்கும்போது ஆறு வாசல்களைத் தாண்டிவிட்டாள். குயிலி இப்போது ரெண்டாம் வகுப்பு. அம்மா இன்னும் ஏழாவது வாசலில்தான் நிற்கிறாள். அதை இடையில் நிறுத்திவைக்க முடியாது என்பதுதான் கேடு. நெடுங்கையனோடு சண்டை தொடங்கினால் முடிகிறவரை எழுந்திருக்கக் கூடாது. பகலெல்லாம் கணபதிப் பகுதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் மோட்டார்களை ஓடவிட்டுச் சோதிக்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் சமையல், வீட்டுப்பாடம், சடை, சோறு. இதற்கு நடுவில் யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் வேண்டும் என்றால், அது குதிரைக் கொம்பு.

அந்த வாரம்தான் விளையாட்டை நடத்துகிறவர்கள் செய்தி அனுப்பியிருந்தார்கள். மாதக் கடைசியோடு கடையைக் கட்டுகிறார்களாம். இவ்வளவு நாள் ஆதரவுக்கு நன்றியாம்.

"விடு, யாராச்சும் முடிச்சவங்க வீடியோ போட்டிருப்பாங்க. கடைசில என்னன்னு அதுல பாத்துக்கலாம்," என்றான் நந்தகோபால்.

"அதுதான் முடியாதுங்க. அந்தக் கதவுக்குப் பின்னால ஆளாளுக்கு ஒண்ணு இருக்கும். நாம எப்படி வெளையாடினோமோ அதை வச்சு நமக்குன்னு ஒரு காட்சி செஞ்சு காட்டும். ஒரே ஒரு தடவை. படம் புடிக்கவும் விடாது."

"அப்ப உனக்கு, 'அம்மா ஆச்சு'ன்னு எழுதி வச்சிருப்பான்."

அவனுக்குச் சிரிப்பு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தனக்கென்று தொடங்கி முடிக்காமல் விட்ட ஒரே காரியம் அதுதான் என்பது அவனுக்கு எப்படிப் புரியும்? அழுததைப் பார்த்ததும் அவனுக்கும் பாவமாகிவிட்டது. "அந்தப் புது வில்லையை வாங்கிப் பாரேன். எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் காதுக்குப் பின்னால அதுதான்," என்றான்.

வில்லையைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. பொட்டு அளவுக்கு இருக்கும். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும். கிராஸ்கட் ரோட்டுக் கடையில் ஃபர்ஹானா என்ற பெண் அதைக் கண்ணாடித் தட்டில் எடுத்து வைத்து விளக்கினாள்.

"நீங்க ஸ்கூட்டர் ஓட்டுவீங்களாக்கா?"

"ஓட்டுவேன்."

"வேலை முடிஞ்சு வீடு வந்து சேர்றீங்க. வழியில எத்தனை சிக்னல்ல நின்னீங்கன்னு கேட்டா தெரியுமா?"

"தெரியாது. ஏதாச்சும் யோசிச்சிட்டே வந்திருப்பேன்."

"அப்ப வண்டிய ஓட்டுனது யாருங்க்கா?" ஃபர்ஹானா வெற்றியோடு சிரித்தாள். "பழக்கம்தானுங்க ஓட்டுச்சு. எல்லாருக்குள்ளயும் அப்படி ஒரு டிரைவர் இருக்காரு. வில்லை அவரைத் தட்டி எழுப்பி, பழகின வேலையெல்லாம் அவர்கிட்ட குடுத்துரும். நீங்க ஃப்ரீ. உங்க வெளையாட்டையும் இதுலயே இணைச்சுக்கலாம். கையில ஒண்ணும் புடிக்க வேண்டாம், நெனச்சா போதும். வேணும்னா டிவிலயும் ஓடும்."

"குழந்தை கீழ விழுந்துட்டா?"

"விழுந்தா, ரத்தம் வந்தா, அலறினா, அடுத்த நொடி உங்களைக் கொண்டாந்து விட்டுரும். பயமே வேண்டாம். கணக்கு ரொம்ப சிம்பிளுங்க்கா. புதுசு எங்கயோ அங்க நீங்க. பழகினது தன்னால ஓடும்."

"பேசினா? அவ பேசிட்டே இருப்பாளே."

"தெனமும் பேசறதுதானுங்களே," என்றாள் ஃபர்ஹானா. அதில் ஒரு தவறும் இருப்பதாக அன்றைக்கு இருவருக்குமே தோன்றவில்லை.

ஊரில் அதை வைத்துக்கொண்டு என்னென்னவோ செய்தார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்று "வாங்க, வாங்க" என்றவர்கள் மனசுக்குள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி பேசும்போது முகத்தை மலர்த்தி வைத்துக்கொண்டு சீட்டு ஆடினார்கள். பஸ் டிரைவர்களுக்கு மட்டும் தடை. யூனியனே போராடித் தடை வாங்கியது என்று சொன்னார்கள்.

கார்குழலிக்கு முதல் வாரம் சொர்க்கம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வில்லையை ஒட்டுவாள். அவள் கைகள் குயிலிக்குச் சடையைப் பிரித்துவிடும், ரசம் கரைக்கும், சோறு பிசைந்து ஊட்டும், வாய் துடைக்கும். அவளோ கோட்டைச் சுவரில் தொங்கிக்கொண்டு நெடுங்கையனின் முழங்காலில் வாளைப் பாய்ச்சிக்கொண்டிருப்பாள். "ஆச்சு" என்ற குரல் வந்தால் கால்கள் தாமாக எழுந்து போகும். நெடுங்கையன் ஏழு வருஷமாகக் காணாத அடியைக் கண்டான். ஆனாலும் அவன் லேசுப்பட்டவன் இல்லை. கடைசி அடியில் ஒரு சுழற்று சுழற்றி அவளைக் கீழே தள்ளிவிடுவான். அவள் மறுபடியும் ஏறுவாள். நாளாக நாளாக அவன் எந்தத் தோளை எப்போது இறக்குவான் என்பது அவளுக்குப் பல் துலக்குவது போலப் பழகிப்போயிற்று.

கதை சொன்னால் 'ம்' கொட்ட ஓர் ஆள் வேண்டும். 'ம்' இல்லாவிட்டால் சொல்கிறவருக்குக் கதை நகராது. குயிலி சாப்பிடும்போது பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லியே தீருவாள். கார்குழலியின் வாய் சரியான இடத்தில் "ம்" என்றது, "அப்புறம்?" என்றது, நடுநடுவே "அடடே" என்றது. ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறையே இல்லாததுதான் குயிலிக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. ஒருநாள் சோதித்துப் பார்த்தாள்.

"அம்மா, எங்க ஹெட்மிஸ் இன்னிக்கு ஒரு யானையச் சாப்பிட்டாங்க."

"ம்."

"வாலோட."

"அடடே. அப்புறம்?"

குயிலி கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. "அம்மா, ஃபிரிட்ஜ் மேல படம் வரையட்டா? அழியாத பேனால?"

"ம்."

மறுநாள் காலையில் ஃபிரிட்ஜின் கதவு முழுக்க ஒரு யானை நின்றது. யானையின் வயிற்றுக்குள் ஹெட்மிஸ். அதாவது, யானை தப்பிவிட்டது.

"நீதான் சரின்னியாமே," என்றான் நந்தகோபால், தலையைச் சொறிந்துகொண்டு. கார்குழலிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஒரு ஃபிரிட்ஜ் போனால் போகட்டும் என்று நினைத்தாள். அடுத்த நாட்களில் இன்னும் சில "ம்"கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. ரெண்டு ஐஸ்கிரீம், பாட்டு வகுப்புக்கு ஒருநாள் மட்டம், பக்கத்து வீட்டுக் கிளிக்கு ஒரு வார விருந்தோம்பல். குயிலிக்குக் கொண்டாட்டம்தான். அம்மா கிடைத்தால் என்ன, 'ம்' கிடைத்தால் என்ன?

பிறகு முருங்கைக்காய் சாம்பார் வைத்த ஒரு புதன்கிழமை வந்தது.

வியாழன் காலையில் சடை பின்ன உட்கார்த்தியபோது குயிலி கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். கீழ் வரிசையில் நடுவே ஓர் ஓட்டை.

"கண்ணு! பல்லு எங்கடா?"

"விழுந்துருச்சு."

"எப்ப?"

"நேத்து. சாப்பிடறப்ப."

முதல் பல். ஒரு மாதமாக ஆடிக்கொண்டிருந்த பல். விழுந்தால் என்ன செய்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பெரிய ஆலோசனையே நடத்தியிருந்தார்கள். பால் பல்லைக் கூரைமேல் வீச வேண்டும். ஆனால் குடியிருப்பதோ நாலாவது மாடி, மேலே இன்னும் ஐந்து மாடி. கடைசியில் வாட்ச்மேன் அறையின் தகரக் கூரையில் வீசுவது என்று முடிவாகி, அவரிடம் முன்கூட்டியே அனுமதியும் வாங்கியிருந்தார்கள்.

"எங்க வச்சிருக்கே? எடுத்துட்டு வா, இன்னிக்கே வீசிரலாம்."

"உன் கைலதான் குடுத்தேன்," என்றாள் குயிலி. "அம்மா, பல்லு விழுந்துருச்சு, கூரைல போடலாமான்னு கேட்டேன். நீ 'ம்'ன. அப்புறம் குப்பைல போட்டுட்ட."

கார்குழலி சீப்பைக் கீழே போட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. குயிலி முருங்கைக்காயை மென்று சக்கையைத் துப்ப அவள் உள்ளங்கையை நீட்டுவது வழக்கம். சக்கை விழுந்ததும் கை அதைக் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டுத் திரும்பி வரும். நேற்று அந்தக் கையில் சக்கைக்குப் பதிலாக ஒரு பல் விழுந்திருக்கிறது. கைக்கு என்ன தெரியும்? ரத்தம் பெரிதாக வரவில்லை. குழந்தை அலறவில்லை. சந்தோஷமாகத்தான் சொல்லியிருக்கிறாள். வில்லை சந்தோஷத்துக்கெல்லாம் ஆளைக் கூப்பிடாது.

குப்பைக்கூடை காலியாகியிருந்தது. படிக்கட்டில் இறங்கி ஓடினாள். குப்பை வண்டி அப்போதுதான் தெருமுனையைத் திரும்பிக்கொண்டிருந்தது. கத்திப் பார்த்தாள். வண்டியின் பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நைட்டியோடு நடுத்தெருவில் நின்று அவள் அழுததை வாட்ச்மேன் பார்த்தார். நல்ல மனிதர், கேட்டைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

வில்லையைப் பிய்த்து அலமாரியில் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டு மகளின் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லு கண்ணு, இன்னிக்கு ஸ்கூல்ல என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஹெட்மிஸ் யாரையாச்சும் சாப்பிட்டாங்களா?"

"ம்."

"யார?"

"ம்."

வேண்டுமென்று செய்கிற முகம் இல்லை. குயிலிக்குக் கோபமும் இல்லை. இவரிடம் சொல்லிப் பயனில்லை என்று கண்டுகொண்ட ஒரு வாடிக்கையாளரைப் போல, கதைகளை எல்லாம் அவள் அப்பாவிடம் மாற்றிக்கொண்டுவிட்டாள். ஒரு வாரம் அப்படியே போயிற்று. அவள் கேட்பாள், மகள் "ம்" என்பாள்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று பொழுது சாய்ந்தால் 'ஏழு வாசல்' மூடிவிடும். கார்குழலி அந்தப் பக்கமே திரும்பாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நந்தகோபால் வில்லையை எடுத்து வந்து நீட்டினான்.

"போய் முடிச்சுரு."

"வேண்டாங்க. ஒரு பல்லு போனது போதும்."

"இத்தனை வருஷம் ஏறின மலைய உச்சிக்குக் கொஞ்சம் கீழ விட்டுட்டு வந்தீன்னா வாழ்நாளெல்லாம் என்னைத்தான் திட்டுவ. குயிலி என்கூட அடுப்படில பணியாரம் சுடறா. உனக்கு இன்னிக்கு வேற வேலை எதுவும் இல்ல. முழுசா உக்காந்து வெளையாடு. போங்க மேடம்."

அவன் அப்படி மரியாதை கொடுத்தால் மறுக்க முடியாது. மற்ற இருவரும் பார்க்கக் கூடத்தில் டிவியைப் போட்டுவிட்டு, அதற்கு முதுகைக் காட்டித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வில்லையை ஒட்டிக்கொண்டாள். கோட்டை எழுந்தது. நெடுங்கையன் வாசலில் நின்றான். அவள் வாளை உருவினாள்.

பாதிச் சண்டை நடந்திருக்கும். சமையலறையிலிருந்து குயிலி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, இன்னொரு பல்லு ஆடுது. பக்கத்துப் பல்லு. அப்பாட்ட காமிச்சா கண்ண மூடிக்கறாரு."

அடுத்த கணம் கார்குழலி கூடத்தில் இருந்தாள்.

கோட்டை இல்லை. எதிரில் மகளின் முகம், கன்னத்தில் மாவு, வாயில் நுழைந்த ஒரு விரல். என்ன நடந்தது என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பி டிவியைப் பார்த்தாள். அங்கே சண்டை நிற்காமல் நடந்துகொண்டிருந்தது. அவளுடைய வாள் நெடுங்கையனின் இடது தோளுக்குக் காத்திருந்தது, குனிந்தது, பாய்ந்தது. யார் ஆட்டுவது? அவள்தான். சாம்பாரைக் கிண்டிய, சடையைப் பிரித்த அதே அவள். புதுசு எங்கயோ அங்க நீங்க என்று ஃபர்ஹானா சொன்ன கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை. நெடுங்கையன் பழகிப்போய்விட்டான். மகள் தன்னிடம் பேசுவதுதான் வில்லைக்குப் புதிதாகிவிட்டிருந்தது.

இதைவிடப் பெரிய அறையை நெடுங்கையன்கூட அவளுக்குக் கொடுத்ததில்லை.

"போடா கண்ணு, அப்பாட்ட போய் இரு, அம்மா இதோ வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குயிலி போய்விடுவாள். கோட்டை திரும்பி வரும். அந்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. குயிலி எழுந்திருக்கத் தயாராகத்தான் இருந்தாள். அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கும் பழக்கம்தான்.

"எந்தப் பல்லு? காமி," என்றாள் கார்குழலி. "எப்பலருந்து ஆடுது?"

குயிலி சந்தேகத்தோடு பார்த்தாள். "எங்க ஹெட்மிஸ் யானையச் சாப்பிட்டாங்க."

"பொய்! யானைதான அவங்களச் சாப்பிட்டுச்சு. ஃபிரிட்ஜ்ல நான் தெனமும் பாக்கறேனே."

குயிலியின் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு அணை உடைந்தது. பல்லில் தொடங்கி, பணியாரத்துக்குப் போய், பள்ளிக்கூடப் பேருந்தில் தூங்கிப்போன ஒரு பையன், அவன் பையில் இருந்த நத்தை, நத்தைக்கு வைத்த பெயர் என்று ஒரு வாரக் கதை மொத்தமும் வந்து விழுந்தது. கார்குழலி 'ம்' கொட்டவில்லை. குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். அவளுக்குப் பின்னால் டிவியில் வாளும் கையும் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இப்ப ஆ காட்டு. அம்மா தொட்டுப் பாக்கறேன்."

பல் நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் விரலை வைத்த அதே நேரம் முதுகுக்குப் பின்னால் ஒரு மலை சரிவது போலப் பெரும் சத்தம் எழுந்தது. நெடுங்கையன் விழுந்தான்.

"அம்மா!" என்றாள் குயிலி, திறந்த வாயோடு, அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்தபடி. "கதவு தொறக்குதும்மா!"

வில்லை கார்குழலியை இழுத்தது. அவள் இதுவரை கண்டிராத புதுமை அங்கே திறந்துகொண்டிருந்தது. கூடம் மங்கியது, மகளின் முகம் மங்கியது, எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் கண்ணுக்குள் பரவத் தொடங்கியது. விரல் நுனியில் மட்டும் பல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் இடது கையால் காதுக்குப் பின்னாலிருந்து வில்லையைப் பிய்த்தாள். கண்ணுக்குள் வெளிச்சம் அணைந்தது, டிவியில் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.

"ஆ இன்னும் பெருசா. மூணு எண்ணுவேன். ஒண்ணு…"

இரண்டு சொல்லவில்லை. அதுதான் தந்திரம். குயிலி அலறினாள், பிறகு தான் அலறியதை மறந்து சிரித்தாள். பல் கார்குழலியின் உள்ளங்கையில் கிடந்தது. இந்த முறை ஐந்து விரலையும் இறுக மூடிக்கொண்டாள். மூடிய கையோடு திரும்பிப் பார்த்தபோது டிவியில் 'நன்றி, வணக்கம்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. அவையும் மறைந்தன. பணியாரக் கம்பியோடு சமையலறை வாசலில் நின்றிருந்த நந்தகோபால் வாயைப் பிளந்துகொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாட்ச்மேன் முன்பே கொடுத்த அனுமதி இன்னும் செல்லுபடியானது. தகரத்தில் பல் 'டிங்' என்று விழுந்ததும் மூன்று பேரும் கை தட்டினார்கள், வாட்ச்மேனையும் சேர்த்தால் நான்கு பேர்.

அன்றைக்குச் சாப்பிடும்போது குயிலி கதவுக்குப் பின்னால் ஒரு மயில் இருந்ததாகச் சொன்னாள். மறுநாள் அது ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது, லீவு விட்ட பள்ளிக்கூடம். அதற்கு மறுநாள் நத்தைகளின் ஊர்.

"நேத்து வேற சொன்னியே?"

"அது நேத்து," என்றாள் குயிலி.

எது நிஜம் என்று இனி யாராலும் சரிபார்க்க முடியாது. விளையாட்டே இல்லை. வில்லையை மறுபடி ஒட்டிக்கொள்ளக் கார்குழலிக்குத் தோன்றவும் இல்லை. ஒட்டியிருந்தாலும் இந்தக் கதையைப் பழக்கத்திடம் ஒப்படைக்க வில்லையால் முடிந்திருக்காது. தினமும் அது வேறாக இருந்தது.

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது நந்தகோபால் மெல்ல ஆரம்பித்தான். "நான் அன்னிக்கு முழுசாப் பாத்தேன். நெஜமா உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லட்டா?"

ஏழு வருஷம் காத்திருந்த பதில் கைக்கெட்டும் தூரத்தில் நுரையோடு நின்றது. கார்குழலி யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், பொய் சொல்லக் கூடாது.

"வாயத் தொறந்தீங்க, இந்தக் கரண்டியாலயே போடுவேன்," என்றாள்.

பிறகு சோற்றுக் கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்து மகள் எதிரில் உட்கார்ந்தாள். "இன்னிக்கு உள்ள என்ன கண்ணு இருந்துச்சு?"

குயிலி வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினாள். "ஒரு பல் டாக்டர்மா. நெடுங்கையனுக்கு ரொம்ப நாளாப் பல்லு வலி. அதனாலதான் கையக் கைய வீசிட்டு நின்னான். எல்லாரும் வந்து வந்து அடிச்சாங்களே ஒழிய, ஏண்டா அழுவறேன்னு ஒருத்தரும் அவனைக் கேக்கல."

கார்குழலியின் கை உருண்டையோடு பாதியில் நின்றது.

"அப்புறம்?" என்றாள்.